பாக்ஸ் ஸ்கோரைப் படிக்கும் முறை: புள்ளியைக் கடைசியாகப் பாருங்கள்

மார்கழி, தை மாதங்களில் நியூயோர்க்கில் இரவு ஏழரைக்குத் தொடங்கும் என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து) ஆட்டம் இலங்கையில் நமக்குக் காலை ஆறு மணிக்கு வருகிறது. மலையகத்தில் அது தோட்ட வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்துக்கு ஆட்கள் இறங்கும் நேரம். பாடசாலைப் பிள்ளைகள் தோட்டத்துப் பாதையில் பஸ்ஸுக்கு நடக்கும் நேரம். முதல் பாதியை வீட்டுத் தொலைபேசியில் எட்டிப் பார்க்கலாம். மூன்றாம் கால்பகுதி வரும்போது பஸ் வளைவுகளில் இறங்கிக்கொண்டிருக்கும், சிக்னல் போய்விடும். நான்காம் கால்பகுதி நடக்கும்போது முதலாம் பாடம் தொடங்கிவிடும். ஆகவே இங்கே கூடைப்பந்தை நேசிக்கும் பலருக்கு, ஆட்டம் என்பது பின்னேரம் திறந்து பார்க்கும் ஓர் அட்டவணை, அதாவது பாக்ஸ் ஸ்கோர்தான். அந்த அட்டவணையை ஒழுங்காகப் படிக்கத் தெரிந்துவிட்டால், காணாத ஆட்டத்தின் பெரும்பகுதியைக் கண்டுவிடலாம்.

நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் பெண்பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்குகிறேன். ஆட்ட விபரம் கையில் கிடைத்ததும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே நிரலைத்தான் தேடுகிறார்கள்: யார் எத்தனை புள்ளி. வலது ஓரத்தில் இருக்கும் அந்த நிரலைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் நான் பாடத்தைத் தொடங்குகிறேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். புள்ளி என்பது விடை. அந்த விடை எப்படி வந்தது என்பது அதற்கு இடப்பக்கத்தில் எழுதியிருக்கிறது.

பழகுவதற்கு ஓர் ஆட்டம் வேண்டும். 2016 ஜூன் 19ஆம் திகதி ஓக்லண்டில் நடந்த என்பிஏ இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். நமக்கு அது திங்கட்கிழமை விடியற்காலை ஐந்தரை மணி. தொடரில் 3-1 என்று பின்தங்கியிருந்த கிளீவ்லண்ட் கவலியர்ஸ், கோல்டன் ஸ்டேட் வொரியர்ஸ் அணியை அதன் சொந்த மைதானத்தில் 93-89 என்று வென்று கிண்ணத்தை எடுத்தது. இதைத் தெரிவு செய்ததற்குக் காரணம் இருக்கிறது. அட்டவணையை மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இந்த ஆட்டம் தவறான கதையைச் சொல்லும். நிதானமாகப் பார்ப்பவருக்குச் சரியான கதையைச் சொல்லும்.

முதலில் நிரல்கள். பெயருக்கு அடுத்தது ஆடிய நிமிடங்கள். அதற்குப் பிறகு கோடு போட்ட மூன்று சோடி எண்கள் வரும்: எஃப்ஜி, 3பி, எஃப்டி. எஃப்ஜி என்பது ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது எறிந்தவை, 3பி என்பது வளைகோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தவை, எஃப்டி என்பது ஃப்ரீ த்ரோ, அதாவது எதிரணியின் ஃபவுலுக்காகத் தடுப்பாரின்றி எறியக் கிடைக்கும் ஒரு புள்ளி எறிதல். ஒவ்வொரு சோடியிலும் முதல் எண் விழுந்தது, இரண்டாவது எறிந்தது. கிளீவ்லண்டின் லெப்ரோன் ஜேம்ஸின் வரியில் அன்று எஃப்ஜி 9-24, 3பி 1-5, எஃப்டி 8-10 என்று இருக்கிறது.

இங்கேதான் புதிதாகப் படிப்பவர்கள் சறுக்குகிறார்கள். எஃப்ஜி என்பதற்குள் மூன்று புள்ளி எறிதல்களும் அடக்கம். 9-24 வேறு, 1-5 வேறு என்று இரண்டையும் கூட்டக்கூடாது. 24க்குள்ளேதான் அந்த 5 இருக்கிறது. இரண்டு புள்ளி எறிதல் எத்தனை என்று தெரிய வேண்டுமானால் கழிக்க வேண்டும்: 24இலிருந்து 5 போனால் 19, 9இலிருந்து 1 போனால் 8. அதாவது உள்ளேயிருந்து 19 எறிந்து 8 விழுந்திருக்கிறது. இப்போது கூட்டிப் பாருங்கள்: எட்டு இரண்டு 16, ஒரு மூன்று 3, ஃப்ரீ த்ரோ 8. மொத்தம் 27. மறைத்திருந்த கையை எடுத்தால் அங்கே 27தான் இருக்கும். எந்த வீரரின் வரியையும் இப்படி ஒருமுறை நீங்களே கூட்டிப் பாருங்கள். கூட்டல் சரியாக வரத் தொடங்கிய நாளிலிருந்து அட்டவணை உங்களுடையது.

இனி இதே ஆட்டத்தில் டிரேமண்ட் கிரீனின் வரி: எஃப்ஜி 11-15, 3பி 6-8, எஃப்டி 4-4. ஐந்து இரண்டு 10, ஆறு மூன்று 18, இன்னும் 4, மொத்தம் 32. அத்துடன் 15 ரீபவுண்ட் (தவறிய எறிதலைப் பிடித்தது), 9 அசிஸ்ட் (கூடை விழ வழிசெய்த பந்துக் கடத்தல்). அவர் தோற்ற கோல்டன் ஸ்டேட் அணி. அதே அணியின் ஸ்டீபன் கரியின் வரி 6-19, 4-14, 1-1; மொத்தம் 17. அவர்களோடு ஆடிய கிளே தொம்சன் 6-17, 2-10. ஃப்ரீ த்ரோ ஒன்றும் இல்லை, மொத்தம் 14. கிளீவ்லண்டின் கைரி இர்விங் 10-23, 2-5, 4-4, மொத்தம் 26.

ஒருவர் 27, இன்னொருவர் 32 என்பதை மட்டும் வைத்து ஐந்து புள்ளி வித்தியாசம் என்று சொல்லிவிட்டால் நாம் ஒன்றும் படிக்கவில்லை. என் அம்மா கொழுந்து பறித்தவர். தராசு முள் எங்கே நின்றாலும், சாக்கின் நிறையும் மழை ஈரத்துக்கான கழிவும் போய் மிஞ்சியதுதான் அவர் பெயரில் ஏறும். புள்ளியையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். 27 என்பது தராசு காட்டிய நிறை. அதற்காக லெப்ரோன் 24 முறை எறிந்தார், 10 முறை ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்றார். தவறிய ஒவ்வொரு எறிதலும் அணியின் கையிலிருந்து போன ஒரு வாய்ப்பு. கழித்துப் பார்த்தால்தான் உண்மையான நிறை தெரியும்.

கழிப்பதற்கு இரண்டு கணக்குகள் போதும். கைபேசியிலுள்ள கால்குலேட்டரில் போட்டுவிடலாம்.

முதலாவது, மூன்று புள்ளிக் கூடைக்கு அதற்குரிய மதிப்பைக் கொடுப்பது. விழுந்த எஃப்ஜியுடன், விழுந்த மூன்று புள்ளியில் பாதியைக் கூட்டுங்கள். அதை எறிந்த எஃப்ஜியால் வகுங்கள். கரிக்கு ஆறும் இரண்டும் எட்டு, எட்டை 19ஆல் வகுத்தால் 42 வீதம். கிரீனுக்கு 11உம் 3உம் 14, அதை 15ஆல் வகுத்தால் 93 வீதம். ஆங்கில அட்டவணைகளில் இது ‘இஎஃப்ஜி’ என்று இருக்கும்.

இரண்டாவது, ஃப்ரீ த்ரோவையும் சேர்த்துப் பார்ப்பது. இது ‘டிஎஸ்’. எறிந்த ஃப்ரீ த்ரோவை 0.44ஆல் பெருக்கி, எறிந்த எஃப்ஜியுடன் கூட்டுங்கள். வந்ததை இரட்டிப்பாக்கி, அதனால் மொத்தப் புள்ளியை வகுங்கள். லெப்ரோனுக்கு 10ஐ 0.44ஆல் பெருக்க 4.4, 24உடன் கூட்ட 28.4, இரட்டிப்பாக்க 56.8. 27ஐ அதனால் வகுத்தால் 47.5 வீதம். கிரீனுக்கு அதே கணக்கு 95 வீதத்தைத் தாண்டுகிறது. இர்விங்குக்கு 52.5. கரிக்கு 43.7. ஏன் பாதி என்று எடுக்காமல் 0.44 என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. ஃப்ரீ த்ரோக்கள் எப்போதும் சோடியாக வருவதில்லை: கூடை விழுந்தபோது ஃபவுல் நடந்தால் ஒன்றுதான் கிடைக்கும், மூன்று புள்ளி எறியும்போது ஃபவுல் நடந்தால் மூன்று கிடைக்கும், ஒழுங்கு மீறலுக்கான டெக்னிக்கல் ஃபவுலுக்குக் கிடைப்பது அணியின் வாய்ப்பைக் குறைப்பதே இல்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் எறிதல் சராசரியாக 0.44 வாய்ப்பைச் செலவாக்குகிறது.

வீரர்களை விட்டு இப்போது கீழே மொத்த வரிக்கு வாருங்கள். என்னைக் கேட்டால் அட்டவணையில் அதிகம் படிக்க வேண்டிய இடம் இதுதான். பலர் கண் வைக்காத இடமும் இதுதான்.

கிளீவ்லண்ட்: எஃப்ஜி 33-82, 3பி 6-25, எஃப்டி 21-25.
கோல்டன் ஸ்டேட்: எஃப்ஜி 32-83, 3பி 15-41, எஃப்டி 10-13.

இந்த இரண்டு வரிகளையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பாருங்கள். எறிந்த எண்ணிக்கை 82, 83, கிட்டத்தட்ட ஒன்று. விழுந்ததும் 33, 32, கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் மூன்று புள்ளிக் கூடை ஒரு பக்கம் 6, மறுபக்கம் 15. அதாவது வெளியிலிருந்து கோல்டன் ஸ்டேட் 45 புள்ளி, கிளீவ்லண்ட் 18 புள்ளி. 27 புள்ளி முன்னிலை. இஎஃப்ஜி கணக்கும் அதையே சொல்கிறது: தோற்ற அணிக்கு 47.6 வீதம், வென்ற அணிக்கு 43.9 வீதம். எறிதலில் தேர்ந்த அணி தோற்றிருக்கிறது.

எப்படி? உள்ளே பாருங்கள். கிளீவ்லண்டுக்கு 57 இரண்டு புள்ளி எறிதலில் 27 விழுந்தது, 54 புள்ளி. கோல்டன் ஸ்டேட்டுக்கு 42இல் 17, 34 புள்ளி. 27 பின்னடைவில் 20 இங்கே திரும்பி வந்துவிட்டது. மிச்சம் ஃப்ரீ த்ரோவில்: 21க்கு 10. பதினொரு புள்ளி. 20உம் 11உம் 31. அதில் 27ஐக் கழித்தால் 4. இறுதி வித்தியாசம் அந்த 4தான்.

இந்தக் கழித்தல் சரியாக வந்து நிற்கும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். வளைகோட்டுக்கு வெளியே நின்று எறிவதுதான் இன்றைய கூடைப்பந்து என்று தொலைக்காட்சி அவர்களுக்குச் சொல்லியிருக்கிறது. ஓர் உலகப் புகழ் ஆட்டத்தை உள்ளே புகுந்து ஃபவுல் வாங்கியவர்கள் வென்றார்கள் என்பதை எண்களே சொல்லும்போது, களைத்த கால்களோடு பயிற்சியின் கடைசியில் ஃப்ரீ த்ரோ எறிவதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை.

இன்னும் ஒன்று தோண்டலாம். 41 மூன்று புள்ளி எறிதலில் கரியும் தொம்சனும் சேர்ந்து எறிந்தது 24, விழுந்தது 6. மற்றவர்கள் எறிந்தது 17, விழுந்தது 9. அதில் கிரீன் மட்டும் 6. ஆகவே கோல்டன் ஸ்டேட்டின் 15 என்ற எண், எதிரணி திறந்துவிட்ட ஒருவரின் அபூர்வ இரவும், இறுகப் பிடிக்கப்பட்ட இருவரின் கடின இரவும் கலந்தது. மொத்தத்தைப் பார்த்து, வீரரிடம் திரும்பி, மறுபடி மொத்தத்துக்கு வாருங்கள். அந்தப் போக்குவரத்தில்தான் ஆட்டம் கண்முன் வருகிறது.

மற்ற நிரல்களை விரைவாகப் பார்த்துவிடுவோம். ரீபவுண்ட் இரண்டாகப் பிரித்து எழுதப்பட்டிருக்கும்: தன் அணி தவறவிட்டதைப் பிடித்தது தாக்குதல் ரீபவுண்ட், எதிரணி தவறவிட்டதைப் பிடித்தது தற்காப்பு ரீபவுண்ட். எண்ணிக்கையைவிட விகிதம் முக்கியம். நம் பிள்ளைகள் 10 தாக்குதல் ரீபவுண்ட் எடுத்து, எதிரணி நம்முடைய தவறுகளில் 20ஐப் பிடித்திருந்தால், முப்பதில் பத்து, மூன்றில் ஒன்று. அது நல்ல வேலை. இன்னொரு நாள் 12 எடுத்து எதிரணி 36 பிடித்திருந்தால் எண் கூடியிருக்கிறது, வேலை குறைந்திருக்கிறது. அசிஸ்ட் என்பது குறிப்பவரின் தீர்ப்பையும் பொறுத்தது. அதை எப்போதும் டர்ன்ஓவருடன், அதாவது எறியாமலே பந்தை எதிரணிக்கு இழந்த எண்ணிக்கையுடன், பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்தது), பிளாக் (எறிதலைத் தடுத்தது) இரண்டையும் என்பிஏ 1973-74 பருவத்திலிருந்துதான் பதிவு செய்கிறது. ஆகவே 1969இல் ஓய்வு பெற்ற பில் ரசல் தன் வாழ்நாளில் எத்தனை எறிதலைத் தடுத்தார் என்பதற்கு அதிகாரபூர்வ எண் இல்லை. எழுதாத ஒன்றைப் பிற்காலம் எண்ண முடியாது. என் பிள்ளைகளில் ஒருத்தி கூடை எறிவது குறைவு, ஆனால் எதிரணியின் பந்தைத் தட்டிவிடுவதில் கெட்டிக்காரி. அவளுக்காகவே எங்கள் தாளில் பந்தைத் தட்டியதற்கென்று ஒரு நிரல் வைத்திருக்கிறேன்.

பழைய தாள்களையும் இதே முறையில் படிக்கலாம். 1962 மார்ச் 2ஆம் திகதி வில்ட் சேம்பர்லின் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவருடைய வரி எஃப்ஜி 36-63, எஃப்டி 28-32. மூன்று புள்ளிக் கோடு என்பிஏக்கு வந்ததே 1979-80இல்தான், ஆகவே எல்லாம் இரண்டு புள்ளி. எனக்கு அந்த வரியில் 63ஐவிட 28-32தான் ஆச்சரியம். தன் விளையாட்டு வாழ்வு முழுவதும் ஃப்ரீ த்ரோவில் ஏறத்தாழ பாதியைத் தவறவிட்டவர் அவர். அன்று நான்கைத்தான் தவறவிட்டார்.

கூட்டல் கழித்தல் குறி போட்ட நிரல் ஒன்று இருக்கும். அந்த வீரர் மைதானத்தில் நின்ற நேரத்தில் அவருடைய அணி எத்தனை புள்ளி கூடுதலாக எடுத்தது அல்லது இழந்தது என்பதே அது. அவர் உள்ளே வரும்போது 40-38, வெளியே போகும்போது 52-45 என்றால், இரண்டாக இருந்தது ஏழாகியிருக்கிறது, அவருக்கு +5. அந்த ஏழாவது ஆட்டத்தில் கிளீவ்லண்டின் கெவின் லவ்வின் வரியைப் பாருங்கள்: எஃப்ஜி 3-9, மொத்தம் 9 புள்ளி. புள்ளியை மட்டும் பார்ப்பவர் அவரைத் தாண்டிப் போய்விடுவார். ஆனால் 14 ரீபவுண்ட், +19. அணி வென்றது நான்கால். அவர் நின்ற நேரத்தில் 19ஆல் முன்னிலை. அப்படியானால் அவர் உட்கார்ந்திருந்த நேரத்தில் அணி 15ஆல் பின்தங்கியிருக்கிறது. இந்த எண்ணை ஓர் ஆட்டத்தை வைத்து மட்டும் தீர்ப்பாக எடுக்கக்கூடாது, கூட நிற்கும் நால்வரும் அதில் பங்காளிகள். ஆனால் எங்கே உற்றுப் பார்க்க வேண்டும் என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

அட்டவணை நேரத்தை வைத்துக்கொள்வதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அன்று ஆட்டம் 89-89 என்று சமநிலையில் நின்றது. கடைசி 4 நிமிடம் 39 விநாடியில் கோல்டன் ஸ்டேட் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. கோல்டன் ஸ்டேட்டின் ஆண்ட்ரே இகுவோடாலா கூடைக்குப் பாய்ந்தபோது லெப்ரோன் பின்னாலிருந்து ஓடிவந்து பந்தைப் பலகையோடு அறைந்தார். 53 விநாடி இருக்கும்போது இர்விங் கரிக்கு மேலால் மூன்று புள்ளி எறிந்தார். அட்டவணையில் அந்தத் தடுப்பு லெப்ரோனின் மூன்று பிளாக்கில் ஒன்று, அவ்வளவுதான். அந்தக் கூடை இர்விங்கின் 2-5இல் ஒன்று. எப்போது நடந்தது என்று தெரிய வேண்டுமானால், அதே பக்கத்தில் நிமிடவாரியாக எழுதிய விபரம் தனியாக இருக்கும், அதைத் திறந்து கடைசி ஐந்து நிமிடத்தை மட்டும் படியுங்கள். பஸ்ஸில் படிக்க அதுவே போதுமான சுவாரசியம்.

இனி உங்கள் அணிக்கு நீங்களே ஓர் அட்டவணை வையுங்கள். இதற்குத்தான் இவ்வளவும் சொன்னேன். ஒரு சீ.ஆர். கொப்பி, அடிமட்டம், இரண்டு பென்சில். பேனை வேண்டாம், மே, ஜூனில் தென்மேல் பருவத்தூறல் மேசைக்கு வராமல் இருக்காது, மை கரைந்தால் ஆட்டமே கரைந்துவிடும். கொப்பியின் இடப்பக்கத்தில் அரை மைதானத்தை வரையுங்கள். எறிந்த இடத்தில் எறிந்தவரின் சட்டை எண்ணை எழுதுங்கள். விழுந்தால் எண்ணைச் சுற்றி வட்டம், தவறினால் எண்ணின் மேல் ஒரு கோடு. வலப்பக்கத்தில் பெயர் வரிசையும் ஃப்ரீ த்ரோ, ரீபவுண்ட் இரண்டு வகை, அசிஸ்ட், ஸ்டீல், டர்ன்ஓவர், ஃபவுல் நிரல்களும்.

இருவர் உட்கார வேண்டும். ஒருத்தி பார்த்துச் சொல்ல, மற்றவள் குனிந்து எழுத வேண்டும். சொல்பவள் ஒருபோதும் கொப்பியைப் பார்க்கக்கூடாது; எழுதுபவள் ஒருபோதும் மைதானத்தைப் பார்க்கக்கூடாது. சொல்லும் ஒழுங்கும் மாறக்கூடாது: எண், நடந்தது, எறிதல் என்றால் இடம், முடிவு. “ஏழு, இரண்டு, வலது மூலை, தவறியது. பதினொன்று, தாக்குதல் ரீபவுண்ட்.” காயப்பட்டோ களைத்தோ வெளியே இருக்கும் பிள்ளைகளை இந்த வேலைக்கு உட்கார வைக்கிறேன். அவர்கள் திரும்பி ஆட வரும்போது கண் கூர்மையாகியிருக்கிறது. பனிமூட்டம் இறங்கும் நாட்களில் மேசையிலிருந்து எதிர்ப்பக்க வளையம் தெரியாது. அப்போது சொல்பவள் மத்தியகோட்டு ஓரமாக நின்று குரல் கொடுக்க வேண்டும்.

இடைவேளையில் சரிபாருங்கள். இரண்டு புள்ளி, மூன்று புள்ளி, ஃப்ரீ த்ரோ மூன்றையும் கூட்டியது பலகையிலுள்ள எண்ணோடு ஒத்துவர வேண்டும். நிமிடம் எழுதுகிறீர்கள் என்றால், நாற்பது நிமிட ஆட்டத்தில் எல்லோருடைய நிமிடமும் சேர்ந்து 200 வர வேண்டும். என்பிஏயில் 48 நிமிடம் என்பதால் 240. கூட்டல் கழித்தல் நிரலின் மொத்தம், வெற்றி வித்தியாசத்தின் ஐந்து மடங்கு. நான்கு புள்ளியால் வென்ற கிளீவ்லண்டுக்கு அது 20 வந்தாக வேண்டும். ஒத்துவராவிட்டால் பிழையை அப்போதே தேடுங்கள். வீட்டுக்குப் போன பிறகு கிடைக்காது.

ஆட்டம் முடிந்ததும் அணிக்கென்று ஒரே ஒரு கணக்கைப் போடுங்கள். எறிந்த எஃப்ஜி, அதனுடன் ஃப்ரீ த்ரோவின் 0.44 மடங்கு, தாக்குதல் ரீபவுண்டைக் கழித்து, டர்ன்ஓவரைக் கூட்டி. 50 எறிதல், 10 ஃப்ரீ த்ரோ, 12 தாக்குதல் ரீபவுண்ட், 22 டர்ன்ஓவர் என்று வைத்துக்கொள்வோம்: 50, 4.4, கழித்தல் 12, கூட்டல் 22, 64.4. பந்து நம் கையில் அத்தனை முறை இருந்திருக்கிறது. 38 புள்ளி எடுத்திருந்தால் நூறு வாய்ப்புக்கு 59 புள்ளி. இந்தக் கணக்கில் 22 என்ற எண்தான் உறுத்த வேண்டும். மூன்றில் ஒரு முறை எறியாமலே பந்தைக் கொடுத்திருக்கிறோம். பாடசாலை மட்டத்தில் எறிதலைத் திருத்துவதற்குப் பல மாதங்கள் வேண்டும். பந்தைத் தொலைக்காமல் கடத்துவதை ஒரு தவணைக்குள் திருத்தலாம். பயிற்சியை எங்கே தொடங்குவது என்று எண் காட்டிவிட்டது.

பல ஆட்டங்களின் தாள்கள் சேர்ந்த பிறகு ஒரு கவனம். வீதங்களைக் கூட்டிச் சராசரி எடுக்க வேண்டாம். ஒரு பிள்ளை ஓர் ஆட்டத்தில் 1-2, அடுத்ததில் 3-12 என்றால், 50 வீதமும் 25 வீதமும் சேர்ந்து 37.5 என்று எழுதிவிடுவார்கள். அது பிழை. விழுந்ததை விழுந்ததோடு, எறிந்ததை எறிந்ததோடு கூட்டுங்கள்: 4-14, 28.6 வீதம். தவணை முடிவில் ஒவ்வொருத்திக்கும் அவளுடைய வரியை மட்டும் தனித் துண்டில் எழுதிக் கொடுக்கிறேன், எறிந்தது முதலில், புள்ளி கடைசியில்.